கோரா, பேலன்ஸா, பெல்ட்டா? நிமிர்ந்து நிற்க எதில் தொடங்குவது: வேலூர் இளைஞர்களுக்கு ஓர் ஒப்பீடு

"முதுகு வளைஞ்சே போச்சு, எதை ஆரம்பிச்சா சரியாகும்?" கல்லூரி வயதுப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காட்பாடி விடுதி அறையில் கட்டில்மேல் லேப்டாப்பை வைத்துப் படிக்கும் மாணவர் கேட்கிறார். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் நாள் முழுக்கக் குனிந்திருக்கும் பெண்ணும் கேட்கிறார். வார்டில் நின்று நின்று கால் கடுக்கும் நர்சிங் மாணவிக்கும் இதே சந்தேகம்தான். ஒரு வீடியோ உடம்பைப் பலகைபோல நேராகப் பிடிக்கும் பிளாங்க் போடச் சொல்கிறது, இன்னொன்று ஒற்றைக்காலில் நிற்கச் சொல்கிறது. இதற்கு நடுவில் தோளைப் பின்னால் இழுத்துக் கட்டும் பெல்ட் விளம்பரம் வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 18 முதல் 25 வயதுக்குள் இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு வாரம் மூன்று நாள் கோர் பயிற்சி, அதாவது நடுவுடம்புத் தசைகளுக்கான பயிற்சிதான் அடித்தளம். பேலன்ஸ் பயிற்சியைத் தினசரி வேலைகளுக்குள் நுழைத்துக்கொண்டால் போதும். ஆனால் கழுத்து முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதுதான் உங்கள் குறை என்றால், இந்த இரண்டும் சேர்ந்தாலும் அது முழுதாகச் சரியாகாது. யாருக்கு இந்த வரிசை மாறும், ஏன் மாறும் என்பதைக் கீழே பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

நிமிர்வு என்று நாம் பேசும்போது இரண்டு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம். தலை, தோள், இடுப்பு மூன்றும் பக்கவாட்டில் பார்த்தால் எந்த இடத்தில் இருக்கின்றன என்பது ஒன்று. அந்த இடத்தில் உடம்பு எவ்வளவு நேரம் தாங்குகிறது, எவ்வளவு ஆடுகிறது என்பது மற்றொன்று. கோர், பேலன்ஸ் பயிற்சிகள் இரண்டாவதைத் தெளிவாக மாற்றுகின்றன. முதலாவதில் வரும் மாற்றம் சிறியது, மெதுவானது. விளம்பரங்கள் காட்டும் 'முன், பின்' படங்களை நம்பி இறங்குபவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு மாற்றம் வந்திருக்கும், ஆனால் கண்ணாடியில் தெரியும் இடத்தில் வந்திருக்காது.

ஆகவே முதல் அளவுகோல், பயிற்சி எதை மாற்றுகிறது என்பது. இரண்டாவது, பலன் தெரிய எத்தனை வாரம் ஆகும். மூன்றாவது, நம் ஊர் வெயிலிலும் விடுதி அறையிலும் அதைத் தொடர முடியுமா. நான்காவது செலவு. அதில் காசை மட்டும் எண்ணாமல் காயம், சலிப்பு, வீணாகும் மாதங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொஞ்சம் கூனல் இருந்தாலே வலி வந்துவிடும் என்பது உண்மையில்லை. எத்தனையோ பேர் கூனலோடு வலியில்லாமல் இருக்கிறார்கள். நிமிர்ந்தே உட்கார்ந்தாலும் நான்கு மணி நேரம் அசையாமல் இருந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். பயத்தில் பயிற்சி தொடங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

## முதலில் வீட்டிலேயே மூன்று சோதனை

தேர்வு செய்யும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சுவர். குதிகாலைச் சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வைத்து, பின்புறமும் மேல்முதுகும் சுவரில் படும்படி சாய்ந்து நில்லுங்கள். மோவாயைத் தூக்காமலே பின்மண்டை சுவரில் பட்டால் நல்லது. படவில்லை என்றால் கழுத்தும் மேல்முதுகும்தான் உங்கள் பிரச்சினை. கீழ்முதுகுக்கும் சுவருக்கும் நடுவே உள்ளங்கை நுழையும் இடைவெளி இயல்பு. முஷ்டியே தாராளமாக நுழைந்தால் இடுப்பு முன்பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஒற்றைக்கால். வெறுங்காலில், கையை மார்பில் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இளம் வயதில் கண்ணைத் திறந்தபடி 40 விநாடி நிற்பது பெரிய காரியமில்லை. கண்ணை மூடினால் 10 விநாடி தாண்டுவதே பலருக்குச் சிரமம்; அது இயல்புதான். இடதுகாலுக்கும் வலதுகாலுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பக்கவாட்டு பிளாங்க். முழங்கையை ஊன்றி ஒருபக்கமாக உடம்பைத் தூக்கிப் பிடியுங்கள். இடுப்பு தொய்ந்த நொடியில் நிறுத்தி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இதிலும் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும்.

பக்கவாட்டு பிளாங்க்கில் திணறினால் கோர் உங்களுக்கு முதல் தேவை. ஒற்றைக்காலில் தடுமாறினால் பேலன்ஸ். சுவர்ச் சோதனையில் தலை படாதவர்கள், கீழே 'இரண்டும் கலந்து' பகுதியில் தங்களுக்கென எழுதியுள்ள பத்தியைத் தவறவிட வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | கோர் மட்டும் | பேலன்ஸ் மட்டும் | இரண்டும் கலந்து | பெல்ட் |
|---|---|---|---|---|
| எது மாறும் | நடுவுடம்பின் தாங்கும் திறன், கீழ்முதுகு நிலை | உடல் ஆட்டம், கணுக்கால் பிடிப்பு | இரண்டும், அசைவின்போதும் | கட்டியிருக்கும்வரை தோள் நிலை |
| பலன் தெரிய | 6 முதல் 8 வாரம் | 3 முதல் 4 வாரம் | 6 முதல் 8 வாரம் | உடனே. கழற்றினால் போய்விடும் |
| நேரம் | வாரம் 3 நாள், 15 நிமிடம் | தினம் 5 நிமிடம் | வாரம் 3 நாள், 25 நிமிடம் | கணக்கில்லை |
| கைச்செலவு | ஒரு பாய் | ஒன்றுமில்லை | ஒரு பாய், ஒரு பக்கெட் | சில நூறு ரூபாய் முதல் |
| மறைந்திருக்கும் செலவு | தவறான முறையால் இடுப்புவலி | விழும் அபாயம், சீக்கிரமே தேக்கம் | கற்றுக்கொள்ளப் பொறுமை | பயிற்சியைத் தள்ளிப்போடும் மனநிலை |

## கோர் பயிற்சி: அடித்தளம், ஆனால் சிக்ஸ்பேக் வேறு

கோர் என்றால் வயிற்றில் தெரியும் கட்டங்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வேலை செய்பவை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசைகள், வயிற்றைக் குறுக்கே சுற்றிவரும் ஆழத் தசை, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் ஒட்டி நிற்கும் சிறுதசைகள், இவற்றோடு பக்கவாட்டுச் சாய்தசைகளும் பிட்டத்துத் தசைகளும். திருவிழாப் பந்தலுக்கு நட்ட மூங்கில் நாலாபுறமும் கயிறு கட்டினால்தான் நிற்கும். ஒருபக்கக் கயிற்றை மட்டும் முறுக்கினால் கம்பம் அந்தப் பக்கம் சாயும். வயிற்றுக்கு மட்டும் தினம் நூறு கிரஞ்ச் போடுபவர்களுக்கு இதுதான் நடக்கிறது. முன்பக்கம் மட்டும் பழகுகிறது, முதுகும் பக்கங்களும் பழகாமலே நிற்கின்றன.

ஆஸ்திரேலியாவில் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையையே திருப்பிப்போட்டது. நிற்பவரைக் கையைச் சட்டென்று தூக்கச் சொல்லி, எந்தத் தசை எப்போது விழிக்கிறது என்று அளந்தார்கள். நல்ல முதுகுள்ளவர்களுக்குக் கையின் தசைக்கு முன்பே வயிற்றின் ஆழத் தசை வேலையைத் தொடங்கிவிட்டது. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களுக்கு அது தாமதமானது. கோரின் வேலை பலத்தில் மட்டும் இல்லை, நேரத்துக்கு விழிப்பதிலும் இருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. பிற்பாடு, அந்த ஒரு தசையை மட்டும் தனியாகப் பழக்குவதில் பெரிய லாபமில்லை, மொத்த நடுவுடம்பையும் சேர்த்துப் பழக்குவதே நல்லது என்ற பக்கம் பலர் நகர்ந்தார்கள். நானும் அந்தக் கட்சிதான்.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்து முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகள் தொடங்குவதற்குப் போதும்: திருத்திய கர்ல்-அப் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் மட்டும் லேசாகத் தூக்குவது), பக்கவாட்டு பிளாங்க், பேர்ட் டாக். அவர் முறையில் மூச்சுமுட்ட இரண்டு நிமிடம் பிடிப்பது கிடையாது. 10 விநாடி பிடித்து விட வேண்டும். முதல் சுற்றில் 6 முறை, அடுத்ததில் 4, கடைசியில் 2. களைப்பு ஏறும்போது எண்ணிக்கை இறங்குவதால் செய்யும் விதம் கெடாது.

பேர்ட் டாக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எளிதாகத் தெரியும் இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மண்டியிட்டுக் கைகளை ஊன்றுங்கள். முழங்கால் இடுப்புக்கு நேர்கீழே, உள்ளங்கை தோளுக்கு நேர்கீழே. இப்போது கீழ்முதுகின்மேல், வால் எலும்புக்குச் சற்று மேலே, ஓர் எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி யாரையாவது வைக்கச் சொல்லுங்கள். வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் மெதுவாக நீட்டுங்கள். காலைத் தூக்கத் தூக்க இடுப்பு ஒருபக்கம் திரும்பப் பார்க்கும், டம்ளர் சரியும். சரியாமல் இருக்க வேண்டுமானால் காலை நீங்கள் நினைத்ததைவிடத் தாழ்வாக நிறுத்த வேண்டியிருக்கும், மூச்சையும் அடக்காமல் விட வேண்டியிருக்கும். நனையாமல் பத்து விநாடி பிடித்தால் அதுதான் ஒரு முறை. பிளாங்க்கில் மூன்று நிமிடம் நிற்பவர்கள்கூட முதல் நாளில் தரையை நனைப்பார்கள்.

இதிலுள்ள மறைமுகச் செலவு காலை நேரத்தில் இருக்கிறது. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஏறுவெயிலுக்கு முன்னால் முடிக்கலாமென்று ஐந்தரை மணிக்கே எழுந்து பாயை விரிப்போம். நல்லதுதான், ஆனால் இரவெல்லாம் படுத்திருந்ததில் முதுகெலும்புகளுக்கு நடுவேயுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பதே அதனால்தான். எழுந்தவுடன் குனிவது, சிட்-அப் போடுவது எல்லாம் அந்த வட்டுகளுக்குக் கூடுதல் சுமை. முதலில் கோட்டை மைதானத்திலோ தெருவிலோ நடந்துவிட்டு வாருங்கள். குனியும் பயிற்சிகளை எழுந்து ஒரு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். முதுகை வளைக்காத பேர்ட் டாக்கையும் பக்கவாட்டு பிளாங்க்கையும் நடந்து முடித்ததும் செய்யலாம்.

இது யாருக்குப் பொருத்தம்: உட்கார்ந்தே வேலை செய்பவர்கள், அரை மணி நேரத்தில் முதுகு தானாகத் தொய்ந்துவிடுபவர்கள், பைக்கில் திருப்பத்தூர் வரை போய்வந்தால் இடுப்பு பிடித்துக்கொள்பவர்கள். ஷூ கம்பெனித் தையல் வேலைக்கும் இதுவே முதலில்.

## பேலன்ஸ் பயிற்சி: சீக்கிரம் பலன், சீக்கிரம் தேக்கம்

நிற்கும்போது உடம்புக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் வருகிறது: கண், உள்காது, பாதமும் கணுக்காலும் மூட்டுகளும். கண்ணை மூடினால் ஒன்று போய்விடும். தலையணைமேல் நின்றால் பாதத்தின் தகவல் மங்கும். மீதமிருப்பதை வைத்துச் சமாளிக்க மூளை பழகுவதுதான் பேலன்ஸ் பயிற்சி. தசை பருக்கத் தேவையில்லை, நரம்புகள் கற்றால் போதும் என்பதால் மூன்று, நான்கு வாரத்திலேயே ஆட்டம் குறைவது தெரியும்.

தேக்கமும் அங்கேயே இருக்கிறது. எந்த நிலையைப் பழகினோமோ பெரும்பாலும் அந்த நிலையில்தான் தேறுகிறோம். தலையணைமேல் ஒற்றைக்காலில் ஒரு நிமிடம் நிற்கக் கற்றவர், லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் பழையபடி சரிவார். தோள் வளைவும் கழுத்தும் பேலன்ஸ் பயிற்சியால் மட்டும் மாறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

காசு கொடுத்துப் பாதிப் பந்து, ஆடும் பலகை எல்லாம் வாங்க வேண்டியதில்லை. அவற்றின்மேல் நின்று எடை தூக்கினால் தசை போடும் விசையும் குறைகிறது, விழும் அபாயமும் கூடுகிறது. டைல்ஸ் தரையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு பழகுவது இன்னும் மோசம். வெறுங்கால், பக்கத்தில் ஒரு சுவர், பல் தேய்க்கும் இரண்டு நிமிடம்: ஒரு நிமிடம் இடதுகால், ஒரு நிமிடம் வலதுகால். பேன்ட்டை உட்காராமல் நின்றபடியே போடுங்கள். காட்பாடியிலிருந்து பழைய பேருந்து நிலையம் போகும் பஸ்ஸில் இடம் கிடைக்காத நாளில், கம்பியை லேசாகத் தொட்டபடி முழங்காலைச் சற்றுத் தளர்த்தி நில்லுங்கள். பிரேக் போடும்போது பிடித்துக்கொள்ளுங்கள், அதில் வீரம் வேண்டாம்.

இது யாருக்குப் பொருத்தம்: கபடி, வாலிபால், கிரிக்கெட் ஆடிக் கணுக்கால் ஒருமுறையாவது சுளுக்கியவர்கள். மறுபடி சுளுக்காமல் தடுப்பதில் பேலன்ஸ் பயிற்சிக்கு நல்ல பேர் உண்டு, அவர்கள் இதிலேயே தொடங்கலாம். நின்றே வேலை செய்பவர்களுக்கும், ஒருகாலில் எடையைப் போட்டு இடுப்பைச் சாய்த்து நிற்கும் பழக்கமுள்ளவர்களுக்கும் இது முன்னால் வரும். தலைசுற்றல் இருப்பவர்கள் காரணத்தைக் கண்டுபிடிக்கும்வரை கண்ணை மூடிப் பழக வேண்டாம்.

## இரண்டும் கலந்து

இவற்றைத் தனித்தனியாகப் பிரித்ததே எழுத வசதிக்காகத்தான், உடம்பு பிரிப்பதில்லை. வேலூரில் இதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவர் மேரி வர்கீஸ் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மறுவாழ்வு மருத்துவம் படித்து, இந்தியாவில் அந்தத் துறைக்கே முன்னோடியானவர். பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் 1966-இல் வந்தது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு ஆரம்பத்திலேயே கற்றுத்தருவது, உட்கார்ந்த நிலையில் விழாமல் இருப்பதை. நடுவுடம்புத் தசைகளின் பிடி போனால் சும்மா உட்காருவதே ஒரு பேலன்ஸ் பயிற்சியாகிவிடுகிறது. கோர் இல்லாமல் பேலன்ஸ் இல்லை என்பதை அதைவிடத் தெளிவாக எந்த ஜிம்மும் காட்ட முடியாது.

கலந்து செய்வதற்கு நான் முதலில் சொல்வது பக்கெட் நடை. ஒரு பக்கெட்டில் பத்து லிட்டர் தண்ணீர் பிடித்தால் ஏறக்குறைய பத்து கிலோ. ஒரு கையில் மட்டும் தூக்கி, தோள் இறங்காமல், எதிர்ப்பக்கம் சாயாமல் மொட்டைமாடியின் நீளத்துக்கு நடங்கள். திரும்பும்போது கை மாற்றுங்கள். ஒவ்வொரு அடியிலும் ஒருகாலில்தான் நிற்கிறீர்கள், எடை ஒருபக்கம் இழுக்கிறது, இடுப்பின் எதிர்ப்பக்கத் தசைகள் பிடித்து நிறுத்துகின்றன. தண்ணீர் சிந்தினால் நடை குலுங்குகிறது. இதோடு லஞ்சஸ் (ஒருகாலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது), ஒற்றைக்காலில் நின்றபடி இடுப்பிலிருந்து முன்குனிதல், மேலே சொன்ன பேர்ட் டாக்.

ஏற்கெனவே ஜிம் போகிறவர்கள் இதற்கெனத் தனி நேரம் தேட வேண்டாம். முறையாகக் கற்ற ஸ்குவாட்டும் டெட்லிஃப்ட்டும் நடுவுடம்பைக் கடுமையாக வேலை வாங்கும். சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோவிலும் 2018-இல் கோல்டு கோஸ்ட்டிலும் காமன்வெல்த் பளுதூக்குதலில் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கிய ஊர் இது. கற்றுத்தர ஆள் கிடைக்கும், கேட்டுப் போங்கள். யோகா பழகுபவர்களுக்கு விருட்சாசனத்தில் பேலன்ஸும் பலகாசனத்தில் கோரும் வந்துவிடுகிறது. சிலம்பம் ஆடுபவர்களுக்கோ காலடி மாற்றும் ஒவ்வொரு வீச்சிலும் இரண்டும் உண்டு.

இப்போது சுவரில் தலை படாதவர்களுக்கு. தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. போனைப் பார்க்கக் குனியக் குனிய கழுத்துத் தசைகளின்மேல் சுமை பலமடங்கு ஏறும். இதைச் சரிசெய்யப் பிளாங்க் போதாது. மோவாயை உள்ளே இழுத்துக் கழுத்தின் ஆழத் தசைகளைப் பழக்குவது, துண்டையோ ரப்பர் பட்டையையோ இழுத்துத் தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது, கதவு நிலையில் கையை ஊன்றி நெஞ்சுத் தசையை நீட்டுவது, இந்த மூன்றையும் அதே வாரம் மூன்று நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப்பை நாலு புத்தகத்தின்மேல் உயர்த்தித் தனிக் கீபோர்டு போடுவதும் இந்த மருந்தின் பாதிதான்.

இது யாருக்குப் பொருத்தம்: சோதனையில் இரண்டிலும் சுமாராக வந்தவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலானவர்கள். ஆனால் முதல் மூன்று வாரம் கோரை மட்டும் முறையாகப் பழகிவிட்டு இதற்கு வாருங்கள்.

## பெல்ட் வாங்கலாமா

வேண்டாம் என்பதே என் கருத்து. கட்டியிருக்கும்போது தோளைப் பின்னால் பிடிக்கும், நினைவூட்டும். அந்த வேலையைப் போனில் அரை மணிக்கொரு அலாரம் வைத்தும் செய்யலாம், எழுந்து நடக்கவும் வைக்கும். கோடையில் அதை அக்குளோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு நம் ஊரில் எத்தனை நாள் இருக்க முடியும் என்று யோசித்துப் பாருங்கள். மருத்துவர் ஒரு காரணத்துக்காக எழுதிக்கொடுத்த பெல்ட் வேறு விஷயம், அதைக் கழற்றாதீர்கள்.

## பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

காலையில் எழுந்ததும் முதுகு அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்து, ஓய்வில் குறையாமல் நடமாடினால் குறைகிறது என்றால் அது வெறும் கூனல் இல்லை. இளம் வயதில் தொடங்கும் முதுகெலும்பு வாதமாக இருக்கலாம், சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம். குனியும்போது முதுகின் ஒருபக்க விலா எலும்புகள் மற்றதைவிட மேடாகத் தெரிந்தால் பக்கவாட்டு வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் மரத்துப்போவது, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி ஆகியவற்றுக்கும் பரிசோதனை தேவை. சிறுநீர், மலம் அடக்குவதில் சிக்கல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, சி.எம்.சி. இருக்கிறது. இதற்காகச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டிய ஊரில் நாம் இல்லை.

## எட்டு வாரம் கழித்து

தொடங்கும் நாளில் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். எட்டாவது வாரம் அதே சுவர், அதே நேரம், இன்னொன்று. மூன்று சோதனையையும் திரும்பச் செய்யுங்கள். பக்கவாட்டு பிளாங்க் நேரம் கூடி, ஒற்றைக்கால் அப்படியே இருந்தால் கோரை வாரம் இரண்டு நாளாகக் குறைத்து, ஒரு நாளைப் பேலன்ஸுக்குக் கொடுங்கள். இரண்டும் கூடியும் பின்மண்டை சுவரைத் தொடவில்லை என்றால் கழுத்து, தோள்பட்டைப் பயிற்சியைக் கூட்டுங்கள். மூன்றுமே அசையவில்லை என்றால் ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் பேர்ட் டாக்கைச் செய்து காட்டுங்கள். தப்பு எங்கே என்று அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.